கொழும்பின் சிறிய உதைபந்தாட்டக் கழகங்கள்: நிர்வாகமும் பாதுகாப்பும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொட்டாஞ்சேனையில் ஒரு சிறிய கழகத்தின் செயலாளராகப் பல ஆண்டுகள் இருந்திருக்கிறேன். பத்து வயதுப் பிள்ளைகள் முதல் வேலைக்குப் போகும் இளைஞர்கள் வரை மாலையில் பந்து உதைக்க வருகிறார்கள். மட்டக்குளி, கிராண்ட்பாஸ், வெள்ளவத்தைப் பக்கம் புதிதாகக் கழகம் தொடங்குகிறவர்களும், பிள்ளையைச் சேர்க்கலாமா என்று யோசிக்கும் பெற்றோரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். பணமோ, சாவியோ, பிள்ளையோ, எதையும் ஒரே ஆளின் பொறுப்பில் தனியாக விடக்கூடாது. இத்தனை ஆண்டில் நான் கற்ற பாடம் இது. கீழே உள்ள பதில்களில் பாதி அதிலிருந்து வந்தவை.

நாங்கள் பதினைந்து பேர் சேர்ந்து விளையாடுகிறோம். எங்களுக்கு எதற்கு யாப்பும் பதிவும்?

பதினைந்து பேரும் நண்பர்களாக இருக்கும்வரை யாப்பு, அதாவது எழுதி வைத்த கழக விதிகள், தேவைப்படாது. சுற்றுப்போட்டியில் பரிசுப் பணம் கிடைத்த நாளிலோ, ஒரு பையனுக்குக் கால் முறிந்த நாளிலோதான் “இதை யார் முடிவு செய்வது?” என்ற கேள்வி எழும். அன்றைக்கு எழுத உட்கார்ந்தால் ஒவ்வொருவரும் தனக்குச் சாதகமாகத்தான் எழுதுவார்கள். சண்டை இல்லாத நாளில் எழுதிவிடுங்கள்.

இரண்டு பக்கம் போதும். கழகத்தின் பெயர், நோக்கம், யார் அங்கத்தவர், சந்தா எவ்வளவு, தலைவர், செயலாளர், பொருளாளர் எப்படித் தெரிவு செய்யப்படுகிறார்கள், பதவிக் காலம் எத்தனை ஆண்டு, பொதுக்கூட்டம் எப்போது, கூட்டம் செல்லுபடியாக எத்தனை பேர் வர வேண்டும், ஓர் அங்கத்தவரை நீக்குவது எப்படி, கழகம் கலைந்தால் பணமும் பொருளும் யாருக்குப் போகும். கடைசியில் சொன்னதைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

பதிவுக்குப் பிரதேச செயலகத்தில் உள்ள விளையாட்டு உத்தியோகத்தரைப் பாருங்கள். கொட்டாஞ்சேனை, மட்டக்குளிப் பக்கத்தவர்களுக்குக் கொழும்பு பிரதேச செயலகம். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிக்குத் திம்பிரிகஸ்யாய. யாப்பு, நிர்வாகக் குழுவின் பெயர்ப் பட்டியல், தெரிவு நடந்த கூட்டத்தின் அறிக்கை ஆகியவற்றோடு போனால் வீண் அலைச்சல் குறையும். தமிழ் அரசகரும மொழி. விண்ணப்பத்தைத் தமிழில் எழுதத் தயங்க வேண்டாம். ஆனால் கழகத்துக்குள் யாப்பைத் தமிழிலும் சிங்களத்திலும் வைத்திருங்கள். கொழும்பில் ஒரே மொழி பேசும் அணி அபூர்வம். தனக்கு விளங்காத விதியை ஒரு பிள்ளையின் தகப்பன் மதிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

நிர்வாகம் என்பது பெரிய இடத்து விஷயம். சின்னக் கழகத்துக்கு அதனால் என்ன ஆகும்?

1995 இல் கொழும்பு சுகததாச மைதானத்தில் இந்தியாவை 1–0 என்று வென்று தெற்காசியக் கிண்ணத்தை எடுத்த நாடு நம்முடையது. 2023 ஜனவரியில் அதே நாட்டின் உதைபந்தாட்டச் சம்மேளனத்தை, வெளியார் தலையீட்டைக் காரணம் காட்டி, ஃபீஃபா இடைநிறுத்தியது. அந்த ஆண்டு ஆகஸ்டில் தடை நீங்குவதற்கு முன்பே தெற்காசியச் சம்பியன்ஷிப் போட்டி பெங்களூரில் நடந்து முடிந்துவிட்டது. இலங்கை அணி அங்கே இல்லை. தேர்தலும் நிர்வாகமும் குழம்பியபோது அதன் விலையைக் கொடுத்தவர்கள் பந்தை மட்டுமே தெரிந்த விளையாட்டு வீரர்கள். சின்னக் கழகத்திலும் அதேதான் நடக்கிறது. செயலாளரும் பொருளாளரும் பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கும் பருவத்தில் பதின்மூன்று வயதுக்குட்பட்ட அணியைப் போட்டிக்குப் பதிய ஆள் இருப்பதில்லை.

பணத்தை எப்படி வைத்திருப்பது?

கழகத்தின் பெயரில் வங்கிக் கணக்கு. பணம் எடுக்க இருவர் கையொப்பம். அந்த இருவரும் ஒரே வீட்டுக்காரர்களாக இருக்கக்கூடாது. வாங்கும் ஒவ்வொரு ரூபாவுக்கும் பற்றுச்சீட்டு. கொடுக்கும் ஒவ்வொரு ரூபாவுக்கும் கடைச் சிட்டை. கடைக்காரர் சிட்டை தராத சின்னச் செலவுக்கு, அதாவது ஐஸுக்கோ முச்சக்கரவண்டிக்கோ, ஒரு தாளில் தொகையை எழுதிக் கொடுத்தவரும் வாங்கியவரும் கையொப்பம் இடலாம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை வரவு செலவை எல்லோருக்கும் வாசித்துக் காட்டுங்கள். ஆண்டு முடிவில் நிர்வாகக் குழுவில் இல்லாத ஒருவர் கணக்கைப் பார்த்துக் கையொப்பமிட வேண்டும். கணக்காளர் படிப்புப் படித்தவராக இருக்க வேண்டியதில்லை. கூட்டல் தெரிந்த, வெட்கப்படாமல் கேள்வி கேட்கும் ஒருவர் போதும்.

ஒரு காலத்தில் எங்கள் கழகத்தில் பணம் முழுவதும் ஒருவரின் வீட்டு அலுமாரியில் இருந்தது. அவர் நேர்மையானவர். திடீரென்று நோயில் படுத்தபோது எவ்வளவு இருந்தது, யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று யாருக்கும் தெரியவில்லை. படுக்கையில் இருந்த மனிதர் மீது சந்தேகம் விழுந்தது. அந்த வேதனையை அவருக்குக் கொடுத்தது நாங்கள் எழுதி வைக்காத கணக்கு. இரண்டாவது கையொப்பம் நல்லவரைக் காப்பதற்கும்தான்.

தொடங்கிய நாளிலிருந்து அவரே தலைவர். எப்படிச் சொல்வது?

மரியாதையோடு, அடுத்த தெரிவுக்கு ஓர் ஆண்டு முன்பே, நேரில் போய்ச் சொல்லுங்கள். தன் சம்பளத்தில் பந்து வாங்கிக் கொடுத்த அண்ணாமார்தான் இந்த நகரத்தில் உதைபந்தாட்டத்தை உயிரோடு வைத்திருக்கிறார்கள். அவர்களைத் தூக்கி எறியும் பேச்சு எனக்குப் பிடிக்காது. ஒருவர் தொடர்ந்து இரண்டு தவணைக்கு மேல் ஒரே பதவியில் இருக்க முடியாது என்று யாப்பில் எழுதுங்கள். போஷகர் என்று ஒரு கௌரவப் பதவி வைத்து அவரை அங்கே இருத்துங்கள். அவர் இருக்கும்போதே அடுத்தவர் வேலையைப் பழகிக்கொள்ளட்டும்.

பிள்ளைகள் பாதுகாப்புக்குக் கழகத்தில் என்ன விதிகள் இருக்க வேண்டும்?

பதினெட்டு வயதுக்குட்பட்ட எல்லோரையும் பிள்ளைகளாகக் கொள்ளுங்கள். மீசை முளைத்த பதினேழு வயதுக் கோல் காப்பாளரும் இதில் அடக்கம்.

முதல் விதி: எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு தனியாக, பிறர் கண்ணில் படாத இடத்தில் இருக்கக்கூடாது. பயிற்சிக்கு இரண்டு பெரியவர்கள் இல்லையா? அன்று பயிற்சி இல்லை. இதைச் சொன்னவுடன் “எங்கள் சேர் மேல் நம்பிக்கை இல்லையா?” என்று கேட்பார்கள். நம்பிக்கை இருக்கட்டும், விதியும் இருக்கட்டும். எல்லோருக்கும் பொதுவான விதியால் யாருக்கும் அவமானம் இல்லை. நல்ல பயிற்றுவிப்பாளர் இதைத் தானாகவே கேட்டு வாங்குவார், ஏனென்றால் பொய்க் குற்றச்சாட்டிலிருந்து அவரைக் காப்பதும் இதுவே.

பயிற்சி முடிந்தபின் பிள்ளையை மோட்டார் சைக்கிளில் ஏற்றி வீட்டில் விடுவது நம் ஊரில் அன்பான பழக்கம். ஆனாலும் நிறுத்துங்கள். பெற்றோர் வரத் தாமதமானால் இரண்டு பெரியவர்களும் காத்திருக்க வேண்டும். யார் வந்து கூட்டிச் செல்லலாம் என்பதைச் சேரும்போதே பெற்றோர் எழுதித் தர வேண்டும். “மாமா அனுப்பினார்” என்று புதிதாக ஒருவர் வந்து நின்றால் தாய்க்கோ தகப்பனுக்கோ தொலைபேசியில் பேசிய பிறகே பிள்ளையை அனுப்புங்கள்.

வாட்ஸ்அப் செய்தி பெற்றோர் குழுவுக்கே போக வேண்டும். பயிற்றுவிப்பாளர் பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு இரவு பத்து மணிக்குத் தனியாக எழுத ஒரு நியாயமும் இல்லை.

யாழ்ப்பாணத்துக்கோ மட்டக்களப்புக்கோ போட்டிக்குப் போகும்போது பெரியவர்கள் ஓர் அறையில், பிள்ளைகள் வேறு அறையில். பெண் பிள்ளைகளின் அணி என்றால் பெண் பொறுப்பாளர் ஒருவர் இல்லாமல் பஸ் புறப்படக்கூடாது. உடை மாற்றும் இடத்தில் தொலைபேசி வெளியே எடுக்கக்கூடாது, பெரியவரும் சரி, பிள்ளையும் சரி.

புதிதாக வரும் பயிற்றுவிப்பாளரிடம் பொலிஸ் சான்றிதழ் கேளுங்கள். அவர் முன்பு இருந்த கழகத்துக்கும் ஒரு தொலைபேசி அழைப்பு எடுங்கள். சான்றிதழ் சொல்லாததைப் பழைய செயலாளரின் குரல் சொல்லிவிடும்.

இவற்றை ஒழுங்காக எழுதி வைக்க விரும்புகிறவர்கள் ஃபீஃபா 2019 இல் வெளியிட்ட ‘ஃபீஃபா கார்டியன்ஸ்’ கைநூல்களைப் பாருங்கள். இணையத்தில் இலவசம். அதிலுள்ள மாதிரிப் படிவங்களையும் நடத்தைக் கோவைகளையும் நம் பழக்கத்துக்கேற்ப மாற்றித் தமிழில் எழுதிக்கொள்ளலாம்.

ஒரு பிள்ளை தனக்கு நடந்த தவறைச் சொன்னால் என்ன செய்வது?

கேளுங்கள். குறுக்கே பேசாதீர்கள். “உண்மையாகவா?” என்று கேட்காதீர்கள். “நீ சொன்னது நல்லது, இதில் உன் பிழை எதுவும் இல்லை” என்று சொல்லுங்கள். யாருக்கும் சொல்ல மாட்டேன் என்று மட்டும் சத்தியம் செய்து கொடுக்காதீர்கள், ஏனென்றால் நீங்கள் சொல்லியே ஆக வேண்டும். பிள்ளை பயன்படுத்திய அதே சொற்களில், திகதியும் நேரமும் போட்டு உடனே எழுதி வையுங்கள். துருவித் துருவி விசாரிப்பது உங்கள் வேலை இல்லை. அதற்குப் பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள்.

பிறகு 1929 ஐ அழையுங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலவச இலக்கம் அது. 24 மணி நேரமும் இயங்குகிறது. 1998 ஆம் ஆண்டின் 50 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த அதிகாரசபை. உடனடி ஆபத்து என்றால் பொலிஸ் 119.

இந்த இடத்தில்தான் கழகங்கள் தவறுகின்றன. “வெளியே தெரிந்தால் பிள்ளையின் எதிர்காலம் என்னாகும்”, “கழகத்தின் பெயர் கெட்டுவிடும்”, “அவரை விலகச் சொல்லிவிட்டோம், போதும்” என்றெல்லாம் பேசி முடித்துவிடுவார்கள். விலகியவர் அடுத்த தெருவில் இன்னொரு கழகத்தில் சேர்வார். அங்கேயும் பிள்ளைகள் இருக்கிறார்கள். நிர்வாகக் குழு கூடி வாக்கெடுக்க வேண்டிய விஷயம் இது இல்லை. யார் முதலில் கேட்டாரோ அவரே அழைக்க வேண்டும்.

அடித்தால்தான் ஒழுங்கு வரும் என்று சில பெற்றோரே சொல்கிறார்களே?

சொல்கிறார்கள். அன்பினால்தான் சொல்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் கழகத்தில் யாரும் யாரையும் அடிக்கக்கூடாது. பிள்ளையைக் கொடுமைப்படுத்துவது தண்டனைச் சட்டக்கோவையின் 308அ பிரிவின் கீழ் குற்றம். வெயிலில் முழங்காலில் நிற்க வைப்பது, தண்ணீர் கொடுக்காமல் ஓட விடுவது, சாதியையோ மொழியையோ வீட்டு வறுமையையோ சொல்லித் திட்டுவது ஆகியவையும் கூடாது. ஒழுங்கு குலைந்தால் அடுத்த ஆட்டத்தில் வெளியே உட்கார வையுங்கள். பந்தைத் தொட முடியாமல் கோட்டுக்கு வெளியே இருப்பது ஒரு பிள்ளைக்குப் போதுமான தண்டனை.

மைதானத்தில் முதலில் எதைச் சரிபார்க்க வேண்டும்?

கோல் கம்பத்தை. முழு அளவுக் கம்பம் 7.32 மீற்றர் அகலம், 2.44 மீற்றர் உயரம். இரும்பில் செய்தால் எவ்வளவு பாரம் என்று தூக்கியவர்களுக்குத் தெரியும். நிலத்தில் உறுதியாகப் பொருத்தாத கம்பம் கவிழ்ந்து பிள்ளைகள் இறந்த சம்பவங்கள் உலகில் பல. தூக்கி நகர்த்தும் கம்பமும் நிலத்தோடு இறுக்கப்பட்டிருக்க வேண்டும் என்று ஆட்ட விதிகளின் முதலாம் விதியே சொல்கிறது. பயிற்சிக்கு முன் ஒரு பெரியவர் பிடித்து உலுக்கிப் பார்க்க வேண்டும். அசைந்தால் பின் சட்டத்தில் மணல் மூட்டைகளை அடுக்குங்கள். முடியாவிட்டால் அதை நிலத்தில் படுக்க வைத்துவிட்டு இரண்டு பைகளைக் கோலாக வைத்து ஆடுங்கள். மேல் சட்டத்தில் தொங்குவதற்குக் கண்டிப்பான தடை.

அடுத்து, மைதானத்தை ஒரு சுற்று நடந்து பாருங்கள். கண்ணாடித் துண்டு, போத்தல் மூடி, கிரிக்கெட் விக்கெட்டுக்கு அடித்த ஆணி, மூடியில்லாத வடிகால். நாய்க்கழிவும்தான். ஐந்து நிமிட வேலை.

பயிற்சிக்கு வைத்திருக்கும் பழைய டயர்களை மறந்துவிடாதீர்கள். மழை பெய்த மறுநாள் அவற்றுக்குள் தேங்கும் தண்ணீர் டெங்கு நுளம்புக்கு வீடு. துளை போடுங்கள், அல்லது கூரைக்குக் கீழே அடுக்குங்கள். வெள்ளம் வடிந்த மைதானத்தில் காலில் புண்ணோடு ஆட விடாதீர்கள். எலிக்காய்ச்சல் அந்தத் தண்ணீர் வழியாகத்தான் வருகிறது. பிறகு காய்ச்சல் வந்தால் வெள்ள நீரில் ஆடியதை வைத்தியரிடம் சொல்லும்படி பெற்றோருக்கு நினைவூட்டுங்கள்.

மழை வந்தாலும் ஆடுவோமே, இடிக்கும் நிறுத்த வேண்டுமா?

மழைக்கு வேண்டாம், இடிக்குக் கட்டாயம். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் கொழும்பில் இடிமழை பெரும்பாலும் பிற்பகலில்தான் இறங்கும், சரியாக நம் பயிற்சி நேரத்தில். முதல் இடி கேட்டதும் எல்லோரும் கட்டடத்துக்குள் போக வேண்டும். மரத்தடியும், நாலு பக்கமும் திறந்த கொட்டகையும், முச்சக்கரவண்டியும் பாதுகாப்பு இல்லை. கதவு மூடிய வானோ பஸ்ஸோ பரவாயில்லை. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்தே திரும்பலாம். இறுதிப் போட்டி என்றாலும், மாநகர சபை உறுப்பினர் பரிசு கொடுக்க வந்து காத்திருந்தாலும் அதே 30 நிமிடம்தான்.

வெயில்?

கொழும்பில் வெப்பத்தைவிட ஈரப்பதம் கொடியது. வியர்வை காயாததால் உடல் குளிர வழியில்லை. போயா (பௌர்ணமி விடுமுறை) நாளிலும் சனிக்கிழமையிலும் பத்து மணிக்குத் தொடங்கி நண்பகல் வரை நீளும் போட்டிகளை அதிகாலைக்கோ நான்கு மணிக்குப் பிறகோ மாற்றுங்கள். ஆட்ட விதிகள் ஒன்றரை முதல் மூன்று நிமிடம் வரை குளிர்ச்சி இடைவேளை கொடுக்க அனுமதிக்கின்றன. அதை ஆட்டம் தொடங்குமுன் நடுவரிடம் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிப் போத்தல்.

ஒரு பிள்ளை தள்ளாடினாலோ, உளறினாலோ, மயங்கினாலோ முதலில் குளிர வையுங்கள். நிழலுக்குத் தூக்கிச் சென்று உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், கழுத்திலும் அக்குளிலும் ஐஸ் வையுங்கள். அதேநேரம் இன்னொருவர் அம்புலன்ஸுக்கு 1990 ஐ அழைக்கட்டும்.

தலையில் அடிபட்டால்?

எனக்கு இன்றும் உறக்கம் கெடுக்கும் கேள்வி இது. பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் பையன் ஒருவன் தலையோடு தலை மோதி விழுந்தான். எழுந்தான், தண்ணீர் தெளித்தோம், “நான் ஆடுகிறேன்” என்றான். ஆட விட்டோம். இரவு வாந்தியெடுத்து வைத்தியசாலைக்குக் கொண்டு போனார்கள். குணமாகி வந்தான், கடவுள் காப்பாற்றினார். ஆனால் அன்று கோட்டோரத்தில் நின்ற நாங்கள் ஐந்து பேரும் செய்தது பிழை.

தலையில் அடிபட்டு மூளை அதிர்ந்திருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே வெளியே எடுங்கள். அன்று அந்தப் பிள்ளை திரும்ப ஆடக்கூடாது. நினைவு தப்பினால்தான் அதிர்ச்சி என்று நினைக்காதீர்கள், தலைவலி, தலைசுற்று, மங்கிய பார்வை, வெறித்த முகம், “இப்போது எந்தப் பாதி?” என்பதற்குப் பதில் தெரியாமை, எல்லாமே அடையாளங்கள். முதல் ஒன்றிரண்டு நாள் ஓய்வு, பிறகு படிப்படியாக நடை, ஓட்டம், பந்து. மோதல் உள்ள ஆட்டத்துக்கு வைத்தியர் சொன்ன பிறகே.

திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு, கழுத்து வலி, கை கால் சோர்வு, எழுப்ப முடியாத தூக்கம் இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே வைத்தியசாலை. கழுத்து வலி என்றால் அசைக்காமல் 1990 வரும்வரை காத்திருங்கள். சிறு பிள்ளைகளுக்குப் பொரளையில் ரிஜ்வே சீமாட்டி சிறுவர் வைத்தியசாலை, பெரியவர்களுக்குத் தேசிய வைத்தியசாலையின் விபத்துச் சேவை.

சிறு பிள்ளைகளுக்குத் தலையால் பந்தடிக்கும் பயிற்சியே வேண்டாம் என்பது என் கருத்து. அமெரிக்காவில் பத்து வயதும் அதற்குக் குறைந்த வயதும் உள்ள பிள்ளைகளுக்கு அது தடை. இங்கிலாந்தில் ஆரம்பப் பாடசாலை வயதுப் பிள்ளைகளின் பயிற்சியிலிருந்து 2020 இல் அதை நீக்கினார்கள். பந்தைக் காலால் அடக்கப் பழக அந்த வயதில் எவ்வளவோ இருக்கிறது.

ஒருவர் ஆடிக்கொண்டிருக்கும்போதே சரிந்து விழுந்தால்?

2021 யூரோ போட்டியில் டென்மார்க்கின் கிறிஸ்டியன் எரிக்சன் மோதலே இல்லாமல் சரிந்ததைப் பலரும் தொலைக்காட்சியில் பார்த்தோம். உடனே நெஞ்சை அழுத்தி, கருவியால் இதயத்துக்கு மின் அதிர்ச்சியும் கொடுத்ததால் பிழைத்தார். மூச்சு இல்லை என்றால் நெஞ்சின் நடுவில் இரு கைகளால், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 முதல் 6 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு அழுத்துங்கள். நிறுத்தாதீர்கள். 1990 சுவசெரிய அம்புலன்ஸுக்குக் கட்டணம் இல்லை. மைதானத்தின் எந்த வாயிலால் வண்டி வரலாம், அந்தப் பூட்டின் சாவி யாரிடம் என்பதை ஒவ்வொரு பயிற்சிக்கும் முன்பு தெரிந்து வையுங்கள்.

படித்துத் தெரிந்துகொள்வது போதாது. இலங்கை செஞ்சிலுவைச் சங்கமும் சென் ஜோன் அம்புலன்ஸும் முதலுதவிப் பயிற்சி தருகின்றன. கழகத்தில் குறைந்தது மூன்று பேரை அனுப்புங்கள். ஒருவர் மட்டும் கற்றிருந்தால், அவர் வராத நாளில்தான் அது தேவைப்படும்.

காயங்களைக் குறைக்கப் பணம் செலவில்லாத வழி உண்டா?

உண்டு. ‘ஃபீஃபா 11+’ என்ற உடல் சூடேற்றும் பயிற்சி. 15 பயிற்சிகள், ஏறத்தாழ 20 நிமிடம், பந்தைத் தவிர வேறு கருவி வேண்டாம். நோர்வேயில் 13 முதல் 17 வயதுப் பெண் பிள்ளைகளிடம் செய்து பார்த்து 2008 இல் வெளியான ஆய்வில் காயங்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. வாரம் இரண்டு முறையாவது செய்ய வேண்டும். கூடவே, காலெலும்பைக் காக்கும் சின் கார்ட் இல்லாதவர் ஆடக்கூடாது. வாங்க முடியாத பிள்ளைக்குக் கழகமே கொடுக்கட்டும். கம்மல், சங்கிலி, கையில் கட்டிய நூல் கழற்றப்பட வேண்டும். மேலே பிளாஸ்டர் ஒட்டி மறைப்பதை விதி ஏற்பதில்லை. கோயில் நூலை அறுக்க மனமில்லை என்று ஒரு பிள்ளையின் அம்மா சொன்னால், முடிச்சாகக் கட்டாமல் கழற்றி மாட்டும்படி கட்டச் சொல்லிப் பாருங்கள்.

காப்புறுதி?

விபத்துக் காப்புறுதியைக் குழுவாக எடுக்கலாம். பதிவு செய்த கழகமாக இருந்தால் நிறுவனங்களோடு பேசுவது எளிது. போட்டி ஆட்டம் உள்ளடங்குமா, பயணம் உள்ளடங்குமா என்று கேட்டுவிட்டுக் கையொப்பமிடுங்கள்.

ஊக்கமருந்தும் பந்தயமும் நம் மட்டத்தில் இருக்கிறதா?

ஜிம்மில் கொடுக்கும் பெயர் தெரியாத பொடியும், சுற்றுப்போட்டியில் தெருவோரப் பந்தயமும் எல்லா மட்டத்திலும் இருக்கின்றன. ஊக்கமருந்துக்கு எதிராக 2013 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டமும், ஆட்ட நிர்ணயத்துக்கு எதிராக 2019 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கச் சட்டமும் நாட்டில் உண்டு. பதினாறு வயதிலேயே இதைப் பேசிவிடுங்கள்.

பிள்ளைகளின் படங்களை முகநூலில் போடலாமா?

பெற்றோர் எழுத்தில் சம்மதித்தால். முழுப் பெயர், பாடசாலை, பயிற்சி நேரம் மூன்றையும் படத்தோடு சேர்த்துப் போடாதீர்கள். அந்நியர் ஒருவருக்கு அதுவே விலாசம். வயதை உறுதிப்படுத்த வாங்கிய பிறப்புச் சான்றிதழ்ப் பிரதிகளைப் பூட்டி வையுங்கள். தனிப்பட்ட தரவைப் பாதுகாக்க 2022 இல் சட்டமே வந்துவிட்டது.

பிள்ளையைச் சேர்க்க வருகிறேன். முதல் நாள் என்ன கேட்க வேண்டும்?

பயிற்சியில் எத்தனை பெரியவர்கள் இருப்பார்கள், முதலுதவி யாருக்குத் தெரியும், ஒரு முறைப்பாடு இருந்தால் பயிற்றுவிப்பாளரைத் தவிர வேறு யாரிடம் சொல்லலாம், சந்தாவுக்குப் பற்றுச்சீட்டு உண்டா. இந்த நாலும் கேளுங்கள். பிறகு மதில் ஓரமாக நின்று ஒரு மணி நேரம் பயிற்சியைப் பாருங்கள். பிழை விட்ட பிள்ளையிடம் பெரியவர்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்று கவனியுங்கள். பெற்றோர் நின்று பார்க்கக்கூடாது என்று சொல்லும் இடமாக இருந்தால், பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு அடுத்த மைதானத்துக்குப் போங்கள்.